எண்ணிக்கொண்டே உழுத சிறுவன்

ஆட்டிசம் பற்றி எழுதுகிற எல்லோரும் லியோ கானரின் 1943ஆம் ஆண்டுக் கட்டுரையைக் குறிப்பிடுவார்கள். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவை நடத்திவந்த கானர், பதினொரு குழந்தைகளை ஒரே வகையாகச் சேர்த்துப் பார்த்து எழுதிய கட்டுரை அது. ரஷ்யாவில் குரூன்யா சுகரேவா 1925இலேயே இத்தகைய ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதியிருந்தார். ஆனாலும் உலகம் படித்தது கானரைத்தான். அதே கானர் 1971இல் இன்னொரு கட்டுரை எழுதினார். தான் முதலில் பார்த்த அந்தப் பதினொருவரும் வளர்ந்து என்ன ஆனார்கள் என்று தேடிப்போய் எழுதியது. முதல் கட்டுரை மருத்துவர்களுக்கு உரியது என்றால், இந்த இரண்டாவது கட்டுரை ஆசிரியர்களுக்கு உரியது என்பேன். நம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் அதைப் பாடமாக வைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு.

கானரின் பட்டியலில் முதல் குழந்தை டொனால்ட் டிரிப்ளெட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் 1933இல் பிறந்தவன். ஒரு வயதில் பாட்டுகளைப் பிசகாமல் முனகினான். இரண்டு வயதில் எழுத்துகளை முன்னும் பின்னுமாக ஒப்பித்தான். ஆனால் அம்மா வந்தாலும் போனாலும் அவனிடம் அசைவில்லை. தட்டு, பாத்திரம் எதுவானாலும் சுழற்றி விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். மூன்று வயதில் மருத்துவர்களின் பேச்சைக் கேட்டு ஒரு காப்பகத்தில் விட்டார்கள். ஓராண்டு கழித்துப் பெற்றோரே போய்த் திரும்ப அழைத்துவந்தார்கள். அவன் தந்தை கானருக்கு அனுப்பிய 33 பக்கக் கடிதத்திலிருந்துதான் ஆட்டிசம் பற்றிய கானரின் விவரணை தொடங்கிற்று.

1942இல் டொனால்டை வீட்டிலிருந்து பத்து மைல் தொலைவில், ஒரு குத்தகை விவசாயத் தம்பதியிடம் தங்கவைத்தார்கள். 1945இல் கானர் அங்கே நேரில் போய்ப் பார்த்தார். பையனுக்கு எதையாவது அளந்துகொண்டே இருக்க வேண்டும். அவனிடம் கிணறு ஒன்றைத் தோண்டச் சொல்லி, ஆழம் எவ்வளவு என்று கணக்குச் சொல்லும் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கிச் சேர்ப்பான். அதற்கென்று ஓர் இடத்தை இடுகாடாக ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை நடச் சொன்னார்கள். அவனும் நட்டான். ஆளுக்கு வைக்கிற ஒரு பெயர், நடுவில் அந்த உயிரினத்தின் பெயர், கடைசியில் அந்த விவசாயியின் குடும்பப் பெயர்; பிறந்த நாள் தெரியாது; இறந்த நாள், அவன் கண்டெடுத்த நாள். மக்காச்சோள வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தவனிடம் ஏரைக் கொடுத்து, எண்ணிக்கொண்டே உழச் சொன்னார்கள். கானர் போயிருந்த அன்று அவன் ஆறு நீண்ட சால் உழுது காட்டினான். குதிரையை அவன் திருப்பிய லாகவத்தைப் பார்த்து கானர் வியந்துபோனார். அங்கிருந்த நாட்டுப்புறப் பள்ளியும் அவனுடைய வழக்கங்களை அப்படியே ஏற்றுக்கொண்டது. படிப்பும் வந்தது. பின்னாளில் கல்லூரிப் பட்டம் பெற்று, சொந்த ஊரின் வங்கியில் வேலை பார்த்து, கோல்ஃப் ஆடி, பல நாடுகளைச் சுற்றிப்பார்த்து, 2023இல் 89 வயதில் டொனால்ட் இறந்தார்.

அந்தத் தம்பதி எந்தப் பயிற்சியும் பெற்றவர்கள் அல்லர். 1942இல் பெறுவதற்குப் பயிற்சி ஒன்றும் இருக்கவுமில்லை. அவர்கள் எண்ணுவதை நிறுத்தச் சொல்லவில்லை. எண்ணுவதற்கு ஒரு முடிவிடத்தை அமைத்துக் கொடுத்தார்கள். வரிசை தீர்ந்தால் எண்ணிக்கை தீரும், நிலமும் உழுதிருக்கும். இன்று நம் வகுப்பறைகளில் ஆட்டிசம் உள்ள குழந்தையைப் பற்றிப் பெற்றோரிடம் சொல்லப்படும் புகார்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறான், அதை நிறுத்தினால்தான் பாடம் நடத்த முடியும். இந்த வரிசையே தலைகீழானது என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது. பிடித்துக்கொண்டிருக்கும் அந்தப் பொருள் வழியாகத்தான் பாடம் உள்ளே போகும்.

ஒரு குழந்தையின் கதையை வைத்துக் கோட்பாடு கட்ட முடியாது என்பது உண்மை. டொனால்டுக்குப் பேச்சு இருந்தது. தாய்வழிக் குடும்பம் வங்கி வைத்திருந்தது. ஊரில் அவனை எல்லோருக்கும் தெரியும். ஆனால் கானரின் இரண்டாவது கட்டுரையில் மறுபக்கமும் இருக்கிறது. அந்தப் பதினொருவரில் அரசு மனநல மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள், சிறுவயதில் இருந்த நினைவாற்றலையும் ஆர்வங்களையும் இழந்து, எதிலும் நாட்டமற்று முடங்கிப்போயிருந்தார்கள். அங்கே சேர்ப்பது ஆயுள்தண்டனைக்குச் சமம் என்ற முடிவுக்குக் கானர் வந்தார். அந்த மருத்துவமனைகள் அவர்களுடைய ஆர்வங்களைத் தண்டித்துப் போக்கவில்லை. அவற்றை வைத்துச் செய்வதற்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அவ்வளவுதான்.

இதே பாடத்தை, ஆட்டிசம் உள்ளவரான அமெரிக்க விலங்கு அறிவியலாளர் டெம்பிள் கிராண்டினின் வாழ்க்கையிலும் பார்க்கலாம். பதின்வயதில் அரிசோனாவில் அத்தையின் பண்ணையில், தடுப்பூசி போட மாடுகளை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கூண்டைக் கண்டார். அந்த அழுத்தம் தன் பதற்றத்தைத் தணிப்பதை உணர்ந்து தனக்கென்று ஒன்றைச் செய்துகொண்டார். பள்ளியில் பலர் அதைக் கோளாறாகப் பார்த்தபோது, அறிவியல் ஆசிரியர் ஒருவர், அழுத்தம் ஏன் மனதை அமைதிப்படுத்துகிறது என்று நூலகத்தில் படித்து நிறுவச் சொன்னார். படிப்பில் நாட்டமில்லாதிருந்த மாணவி ஆய்வுக் கட்டுரைகளைத் தேடத் தொடங்கியது அங்கேதான்.

இத்தனை எளிமையான அறிவு ஏன் பரவவில்லை? நடுவில் குறுக்கே வந்தது ஒரு கொடிய தவறு. தாயின் பாசக் குறைவால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்ற கருத்து 1950களிலும் 60களிலும் கோலோச்சியது. கானரே அதற்குக் கொஞ்சம் இடம் கொடுத்தார். புரூனோ பெட்டெல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் அதை உச்சத்துக்குக் கொண்டுபோனது. குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பதே மருத்துவமாகக் கருதப்பட்டது. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட், இது நரம்பியல் சார்ந்தது என்று 1964இலேயே நூல் எழுதி வாதிட்டார். 1969இல் பெற்றோர் மாநாடு ஒன்றில் கானர், பெற்றோர் மீது குற்றமில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் உருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. மரபணுவின் பங்கு தெளிவானது. ஆனாலும் நம் ஊரில் இன்றும், நீ வேலைக்குப் போனதால்தான், நீ கொஞ்சிப் பேசாததால்தான், டிவி முன் உட்காரவைத்ததால்தான் என்று தாயை நோக்கி விரல் நீட்டும் வீடுகள் எத்தனையோ. அந்தப் பெண்கள் சுமக்கும் பழிக்கு அறிவியலில் ஓர் ஆதாரமும் இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

அடுத்து வந்தது பயிற்சியின் காலம். லாஸ் ஏஞ்சலஸில் ஐவார் லோவாஸ், பாடங்களைச் சிறு சிறு துண்டுகளாக உடைத்து, சரியாகச் செய்தால் பரிசு கொடுத்துப் பழக்கினார். 1987இல் அவர் வெளியிட்ட ஆய்வில், வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் ஒன்பது பேர் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பை முடித்து, சராசரி நுண்ணறிவு மதிப்பெண்ணும் பெற்றார்கள். எல்லோரும் கைவிட்ட குழந்தைகளால் கற்க முடியும் என்று காட்டியது அவருடைய பெரிய பங்களிப்பு. அதை மறுக்கக் கூடாது. ஆனால் அந்த ஆய்வில் குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. தொடையில் அறைவதும் அந்த முறையில் இருந்தது. கண்ணைப் பார், கையை ஆட்டாதே என்பவை பாடத்தின் முதல் வரிகளாயின. கையை உதறுவதும் உடலை ஆட்டுவதும் தம்மை நிதானப்படுத்திக்கொள்ள உதவுவதாக, வளர்ந்த ஆட்டிசம் உள்ளவர்கள் 2019இல் ஸ்டீவன் கேப் குழுவினரின் ஆய்வில் விளக்கினார்கள். அந்த அசைவைப் பிடுங்கிவிட்டு, அமைதியாக உட்கார் என்று கேட்பது நியாயமற்ற கோரிக்கை. இன்று தமிழ்நாட்டின் தெரபி மையங்களில் இந்த முறையின் மென்மையான வடிவங்கள் பல உள்ளன. நல்ல தெரபிஸ்டுகளும் உள்ளனர். குழந்தையின் கையை மேசையில் அழுத்திப் பிடித்துப் பாடம் நடத்தும் மையமாக இருந்தால் மட்டும், பெற்றோர் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

எரிக் ஷாப்லர் வேறு பக்கமிருந்து வந்தார். சிகாகோவில் படித்தவர், பெட்டெல்ஹைமின் கருத்தை முழுமூச்சாக எதிர்த்தவர். பெற்றோரே உடன்-சிகிச்சையாளர்கள் என்று 1971இல் எழுதினார். அதே ஆண்டு வெளியான சிறிய ஆய்வொன்றில், இஷ்டம்போல விட்ட வகுப்பையும் ஒழுங்கமைத்த வகுப்பையும் ஒப்பிட்டு, இக்குழந்தைகள் ஒழுங்கமைப்பில்தான் மேலும் நன்றாகக் கற்கிறார்கள் என்று காட்டினார். 1972இல் வட கரோலினா மாநிலம் அவருடைய திட்டத்தை அரசுத் திட்டமாக ஏற்றது. டீச் என்று அழைக்கப்படும் அதன் அடிப்படை நான்கு கேள்விகள்: என்ன வேலை, எவ்வளவு வேலை, எப்போது முடியும், முடிந்ததும் என்ன? இவற்றுக்கான விடை குழந்தையின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். இடப்பக்கக் கூடையில் மூன்று வேலைகள். முடித்ததை வலப்பக்கக் கூடையில் போட வேண்டும். இடப்பக்கம் காலியானால் வேலை முடிந்தது. சுவரில் ஒட்டிய படத்தில் அடுத்து ஊஞ்சல். இதற்கு ஆகும் செலவு இரண்டு பிளாஸ்டிக் கூடைகளும் சில படங்களும்தான். அரசுப் பள்ளியிலும் முடியும், அங்கன்வாடியிலும் முடியும். முடிவிடம் தெரியாத வேலைதான் இக்குழந்தைகளை மிரளவைக்கிறது. அந்த விவசாயி சால்களை வைத்துக் காட்டிய முடிவிடத்தைத்தான் ஷாப்லர் கூடைகளில் கொண்டுவந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பேச்சுக்கு வருவோம். கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்வது, எப்போதோ கேட்ட விளம்பர வரியைச் சம்பந்தமில்லாத இடத்தில் சொல்வது என்று ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. இதை அர்த்தமற்ற கிளிப்பேச்சு என்று ஒதுக்கியது பழைய பார்வை. கானர் 1946இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு சிறுவன் வருகிறான். எதையாவது எறியத் தோன்றும்போதெல்லாம், பால்கனியிலிருந்து நாயை எறியாதே என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வான். சுற்றிலும் நாயும் இருக்காது, பால்கனியும் இருக்காது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது, பொம்மை நாயை அவன் கீழே எறிந்துகொண்டே இருந்ததும், தாய் சலித்துப்போய் அப்படிச் சொன்னதும்தான் அந்த வாக்கியத்தின் ஊற்று. எறியாதே என்பதற்கு அவனிடம் இருந்த சொல் அது. 1981இல் பாரி பிரிசாண்டும் ஜூடித் டக்கனும் குழந்தைகளின் இத்தகைய எதிரொலிப் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்து, ஆமாம் என்பதற்கும், எனக்கு வேண்டும் என்பதற்கும், என் முறை வந்தது பதில் சொல்கிறேன் என்பதற்கும் அது பயன்படுவதாகக் காட்டினார்கள்.

தமிழ் வீடுகளில் இதன் வடிவம் நமக்குத் தெரிந்ததே. தாகம் எடுத்த குழந்தை வந்து, “தண்ணி வேணுமா?” என்று கேட்கும். பசித்தால், “சாப்பிடுறியா கண்ணா?” என்று தன்னையே கேட்கும். அம்மா எப்படிக் கேட்டாளோ அப்படியே, குரலின் ஏற்ற இறக்கம்கூட மாறாமல். நம் மொழியில் நான், நீ என்பது வினைச்சொல்லின் வாலிலேயே ஒட்டியிருப்பதால், எதிரொலியில் அந்த வாலும் சேர்ந்தே வந்துவிடுகிறது. அப்போது, “அப்படிச் சொல்லாதே, ஒழுங்காகக் கேள்” என்று திருத்தினால் குழந்தை அந்த வாக்கியத்தையும் எதிரொலிக்கும். தண்ணீரை நீட்டியபடி, “எனக்குத் தண்ணி வேணும்” என்று குழந்தையின் இடத்தில் நின்று சொல்லிக் கொடுத்தால், அடுத்த முறை எதிரொலிப்பதற்குச் சரியான வாக்கியம் கையில் இருக்கும். எந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். பால்கனி நாயின் கதையைத் தாயைக் கேட்காமல் எந்த நிபுணரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

பேச்சே வராத குழந்தைகளுக்குப் படங்களைக் காட்டித் தொடர்புகொள்ளக் கற்றுக்கொடுக்கலாம் என்றால், பல பெற்றோர் தயங்குகிறார்கள். படத்துக்குப் பழகினால் வாயே திறக்க மாட்டானோ என்ற அச்சம். 2006இல் டயேன் மில்லரும் சகாக்களும் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் குறித்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, நம்பத்தகுந்த சான்று உள்ள 27 பேரில் ஒருவருக்குக்கூடப் படங்களாலும் சைகைகளாலும் பேச்சு குறைந்திருக்கவில்லை. 89 விழுக்காட்டினருக்குச் சிறிதளவேனும் கூடியிருந்தது. அதேவேளை, இன்னொருவர் கையைப் பிடித்துத் தட்டச்சு செய்யவைக்கும் முறையில் எச்சரிக்கை தேவை. 1990களின் சோதனைகளில், எழுதியது குழந்தை அல்ல, கையைப் பிடித்தவரே என்று மீண்டும் மீண்டும் தெரியவந்தது. பிடிப்பவரும் அறியாமலேயே அது நடக்கிறது. அன்பு மிகுந்தவர்களே அதில் ஏமாந்தார்கள் என்பதால் அவர்களைக் கடிந்து பேச எனக்கு மனம் வரவில்லை.

புரிதல் என்று சொல்லும்போது யார் யாரைப் புரிந்துகொள்வது? 1985இல் சைமன் பாரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, உட்டா ஃபிரித் மூவரும் நடத்திய பொம்மைச் சோதனை புகழ்பெற்றது. சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டுப் போகிறாள். ஆன் அதை எடுத்துப் பெட்டியில் வைக்கிறாள். திரும்பிவரும் சாலி எங்கே தேடுவாள்? ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர், குண்டு உண்மையில் இருக்கும் பெட்டியைக் காட்டினார்கள். பிறர் மனதை ஊகிப்பது இவர்களுக்குக் கடினம் என்ற கருத்து இதிலிருந்து வேரூன்றியது. நான்கு பேர் சரியாகவே சொன்னார்கள் என்பது மறந்துபோனது. 2012இல், தானும் ஆட்டிசம் உள்ளவரான சமூகவியலாளர் டேமியன் மில்டன், புரியாமை இருபக்கமும் உள்ளது என்று வாதிட்டார்: அவர்களுக்கு நம் மனம் புலப்படாதது போலவே நமக்கும் அவர்கள் மனம் புலப்படவில்லை. 2020இல் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் இதைச் சோதித்தார்கள். ஒருவர் காதில் ஒரு கதையைச் சொல்லி, அவர் அடுத்தவரிடம், அவர் அதற்கடுத்தவரிடம் என்று எட்டுப் பேர் கடத்தும் விளையாட்டு. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த சங்கிலியில் கதை, மற்றவர்களின் சங்கிலியில் போலவே நன்றாகக் கடந்தது. இரு தரப்பும் கலந்திருந்த சங்கிலியில்தான் விவரங்கள் வேகமாக உதிர்ந்தன. கலந்துகொண்டவர்கள் பெரியவர்கள், அறிவுத்திறன் குறையாதவர்கள் என்பதால் எல்லாக் குழந்தைகளுக்கும் இதை அப்படியே நீட்ட முடியாது. ஆனாலும், “இவனுக்குப் புரியவில்லை” என்று எழுதும் ஆசிரியர், அதே தாளில் “எனக்கு இவனைப் புரியவில்லை” என்றும் எழுதிக்கொள்ள வேண்டிய கடமையை இந்த ஆய்வு உண்டாக்குகிறது.

வகுப்பில் காதைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தையை அடம் பிடிப்பதாகச் சொல்கிறோம். ஒலி, ஒளி, தொடுகை, மணம் ஆகியவற்றை அளவுக்கு மீறி உணர்வதோ குறைவாக உணர்வதோ ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்று அமெரிக்க மனநல மருத்துவக் கழகத்தின் கையேடு 2013இல்தான் முறையாகச் சேர்த்தது. அதற்கு முன் வளர்ந்த ஒரு தலைமுறைக் குழந்தைகள் மிக்ஸிச் சத்தத்துக்கும் பள்ளி மணிக்கும் அலறியதற்காக அடி வாங்கினார்கள். மணி அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பே அந்தக் குழந்தையை வராந்தாவின் கோடிக்கு அனுப்பிவிடுவது ஒரு பாடத்திட்டம்தான். அலறல் அடங்கிய பிறகே ஒன்றும் இரண்டும் மூன்று என்பது காதில் விழும்.

இந்த வேலைகளுக்கெல்லாம் நிபுணர் படை வேண்டும் என்ற எண்ணத்தை நம் துணைக்கண்டத்து ஆய்வு ஒன்று தளர்த்தியிருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடந்த அந்த ஆய்வு 2016இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியானது. நிபுணர்கள் அல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதைப் படம்பிடித்து, பெற்றோரோடு உட்கார்ந்து பார்த்து, குழந்தை கவனித்ததை நீங்களும் கவனித்த கணம் எது என்று கண்டறிய உதவினார்கள். எட்டு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, பெற்றோர் குழந்தையின் போக்கில் போய்ப் பதிலளிப்பது கூடியிருந்தது. குழந்தை தானாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியிருந்தது. எல்லாமே கூடவில்லை, இருவரும் ஒன்றையே சேர்ந்து பார்க்கும் நேரம் குறைந்தும் போனது. எனினும், குழந்தையின் கவனம் போகும் இடத்துக்குப் பெரியவர் போவது என்ற வழியைக் கற்றுக்கொள்ளப் பட்டம் தேவையில்லை என்பது இங்கேயே, நம் போன்ற குடும்பங்களிலேயே காட்டப்பட்டுவிட்டது. தமிழில் எழுத்தாளர் யெஸ். பாலபாரதி ஒரு தந்தையாக நின்று எழுதிய ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ போன்ற நூல்கள் அந்த அறிவை வீட்டு மொழியில் கொண்டுவந்திருக்கின்றன.

சட்டம் ஓரளவு நம் பக்கம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைக் குறிப்பிட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக அதைச் சேர்த்து, உரிய சான்றிதழ் உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வியை உரிமையாக்கியது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம் சிறப்பாசிரியர்களை உருவாக்குகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. அப்படிப் பார்த்தால் 500 பேர் படிக்கும் பள்ளியில் நால்வர் இருக்கக்கூடும். சாதாரணப் பள்ளிகளில் தொடக்க நிலையில் சிறப்புத் தேவையுள்ள 10 மாணவருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 மாணவருக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் வலியுறுத்தியது.

அந்தப் பணியிடங்களை உருவாக்கும்போது வேலை நேரம் எதில் செலவாகும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். பல பள்ளிகளைச் சுற்றிவரும் ஆசிரியர், வாரத்தில் ஒரு நாள் வந்து, பதிவேட்டில் கையெழுத்திட்டு, குழந்தையை அரை மணி நேரம் உட்காரவைத்துவிட்டுப் போனால், கூடைகளைக் காலிசெய்யக் கற்றுக்கொடுப்பது யார்? “தண்ணி வேணுமா?” என்பது கேள்வியல்ல, கோரிக்கை என்று வகுப்பாசிரியருக்குச் சொல்வது யார்? ஒவ்வொரு குழந்தைக்கும் தயாரிக்கும் தனிநபர் கல்வித் திட்டத்தில், என்ன தெரியாது என்ற பட்டியலுக்கு முன்னால், எதை விட மாட்டேன் என்கிறான், எந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான், அது எங்கே எப்போது கேட்டது என்ற விவரங்கள் ஒரு முழுப் பக்கத்துக்கு இருக்க வேண்டும். அதை நிரப்ப அம்மாவோடும் பாட்டியோடும் உட்கார்ந்து பேசும் மணிநேரங்கள், கற்பிக்கும் நேரமாகவே கணக்கில் ஏற வேண்டும்.